கண் காணும்போதும் காணாதபோதும்
(உளநூற் பாடம்)

பள்ளிக்கூடத்திற்கு மேலதிகாரி வருகின்ற நாளை நம்முள் அறியாதார் இலர். முதல் நாளே சுவருக்கு வெள்ளையடிக்கப்படும். கரும்பலகைக்குக் கரி பூசப்படும். வழக்கமாகப் பின்வரிசையில் உறங்கும் பையன் அன்று நிமிர்ந்து உட்காருவான். ஆசிரியரின் குரலும் சற்று இனிமையடையும். மேலதிகாரி எழுதிச் செல்லும் அறிக்கையில் பொய் ஒன்றுமிராது. கண்டதையே அவர் எழுதுகிறார். ஆயினும் அவர் கண்ட பள்ளி, அவர் வந்ததனால் உண்டான பள்ளி. அவர் வாராத நாளின் பள்ளியை அவர் என்றுமே கண்டதில்லை.

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், மூணாறு, பீர்மேடு மலைகளிலும், பாலக்காட்டு மாவட்டத்தின் நெல்லியாம்பதி மலையிலும் தோட்ட வேலை செய்து வளர்ந்த தமிழ் மக்களுக்கு இவ்வுண்மையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. கங்காணி அருகில் நிற்கும்போது கொழுந்து பறிக்கும் கை ஒருவிதமாகவும், அவர் அடுத்த நிரைக்குச் சென்றபின் வேறுவிதமாகவும் இயங்குவதை லயத்துக் குழந்தைகளும் அறிவர். பார்க்கப்படும் மனிதன் பார்க்கப்படாத மனிதனாக நடப்பதில்லை. இதனை நாம் அனைவரும் அறிந்திருந்தும், இதனால் விளைவன யாவை என்று நின்று எண்ணிப் பார்ப்பது அரிது.

மனித நடத்தையை ஆராய்வோர்க்கு இஃது ஒரு பெருஞ் சிக்கல். கல்லை ஆராய்கின்றவன் பார்ப்பதனால் கல் நாணுவதில்லை. மனிதனோ, தன்னை ஒருவர் ஆராய்கிறார் என்று அறிந்த அந்தக் கணத்திலேயே மாறிவிடுகிறான். அங்ஙனமாயின் ஆய்வாளர் காண்பது எதனை? இப்பாடத்தில் நாம் மூன்று வினாக்களை எடுத்துக் கொள்வோம். பிறர் கண் நம் நடத்தையை எவ்வாறு மாற்றுகிறது? அம்மாற்றம் எவ்வளவு காலம் நிற்கிறது? நம்மைப் பற்றியும் நம் ஊர்களைப் பற்றியும் எழுதப்படும் கணக்குகளை நாம் எவ்வாறு படித்தல் வேண்டும்?

1. ஹாதோர்ன் ஆலையின் கதை

அமெரிக்க நாட்டில் சிகாகோ நகரை அடுத்த சிசரோ என்னும் ஊரில், தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஹாதோர்ன் ஆலை என்றொரு பேராலை இருந்தது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்னும் கம்பெனிக்கு உரியது. விளக்கொளி மிகுந்தால் வேலையும் மிகுமா என்று அறிய 1924 முதல் 1927 வரை அங்கே சோதனைகள் நடந்தன. ஒளியைக் கூட்டியபோது உற்பத்தி உயர்ந்ததாம், குறைத்தபோதும் உயர்ந்ததாம், ஒளியில் ஒன்றும் மாற்றாத பிரிவிலும் உயர்ந்ததாம். இவ்வாறே அச்சோதனை பின்னாளில் பாடநூல்களில் எழுதப்பட்டது.

1927-ஆம் ஆண்டு ஏப்ரலில் அடுத்த சோதனை தொடங்கிற்று. ஐந்து பெண்கள் கருவிகளைப் பொருத்தவும், ஆறாமவர் உதிரிப் பகுதிகளை எடுத்துத் தரவும், தனியறை ஒன்றில் அவர்கள் அமர்த்தப்பட்டனர். ஆய்வாளர் ஒருவர் அறையிலேயே அமர்ந்து எல்லாவற்றையும் குறித்து வந்தார். இடையோய்வு கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், பின்னர் அச்சலுகைகளை மீட்டும் எடுத்துப் பார்த்தார்கள். சலுகைகளை எடுத்தபோதும் உற்பத்தி பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எல்டன் மேயோ முதலியோர் இதற்குப் பொருள் கூறினர். தங்களை ஒருவர் கவனிக்கிறார், தங்கள் சொல்லைக் கேட்கிறார் என்னும் உணர்ச்சியே அப்பெண்களை ஊக்கியது என்பது அவர்கள் கூற்றின் சாரம். ஹென்றி லான்ஸ்பர்கர் என்பார் 1958-ல் இச்சோதனைகளைப் பற்றி எழுதிய நூலுக்குப் பின், பார்க்கப்படுவதனால் உண்டாகும் மாற்றத்திற்கு 'ஹாதோர்ன் விளைவு' என்னும் பெயர் எங்கும் பரவிற்று.

இக்கதையை இவ்வளவில் நிறுத்திவிடுவோர் பலர். நாம் நிறுத்தலாகாது. எதனையும் கேள்விப்பட்ட மாத்திரத்தில் ஏற்றுக்கொள்ளாது ஆராய்ந்து கொள்ளுதல் நமக்குப் பழக்கமான நெறியன்றோ? அந்த அறையில் இருந்த பெண்களுள் இருவர், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நீக்கப்பட்டு வேறிருவர் வைக்கப்பட்டனர். மேலும், பெருங்கூட்டத்தோடு சேர்த்துக் கணக்கிடப்பட்ட அவர்களது கூலி, அந்தச் சிறு குழுவின் உற்பத்தியைக் கொண்டே கணக்கிடப்படலாயிற்று. ஆகவே கவனிப்பு ஒன்றே காரணம் என்று அறுதியிட இயலாது.

விளக்கொளிச் சோதனையின் நிலையும் அதுவே. அழிந்து போயினவென்று நெடுங்காலம் கருதப்பட்ட அதன் குறிப்புகளை ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்னும் பொருளியலறிஞர் இருவர் தேடியெடுத்து, மீண்டும் கணக்கிட்டு, 2011-ல் வெளியிட்டனர். ஒளியை மாற்றியது ஞாயிற்றுக்கிழமைகளில். விடுமுறை கழிந்த திங்கட்கிழமையில் ஒளி மாறினாலும் மாறாவிட்டாலும் உற்பத்தி உயர்வது அவ்வாலையின் வழக்கம். திங்கட்கிழமையின் இயல்பை ஒளியின் விளைவாக எண்ணிவிட்டார்கள்! பாடநூல்கள் கூறிய அத்துணைப் பெரிய விளைவு அக்குறிப்புகளில் இல்லை. சிறு சாயல்களே உண்டு என்பது அவர்களது முடிவு.

2. அதே ஆலையின் மற்றோர் அறை

அவ்வாலையிலேயே, அதிகம் பேசப்படாத மற்றோர் அறையும் இருந்தது. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, பதினான்கு ஆண்கள் அங்கே கம்பி இணைக்கும் வேலை செய்தனர். அங்கும் ஓர் ஆய்வாளர் அமர்ந்து பார்த்துக் கொண்டிருந்தார். ஆனால் உற்பத்தி உயரவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவே என்று அவர்கள் தமக்குள் ஓர் அளவை வகுத்துக்கொண்டிருந்தனர். அதற்கு மேல் செய்தவனை ஏளனம் செய்தனர். தோளின்கீழ் ஒரு குத்தும் விட்டனர். மிகக் குறைவாகச் செய்தவனுக்கும் மதிப்பில்லை. அளவை உயர்த்திக் காட்டினால் நிர்வாகம் கூலி வீதத்தைக் குறைத்துவிடும், அல்லது ஆட்களைக் குறைத்துவிடும் என்னும் அச்சமே அவர்களை அங்ஙனம் நடத்தியது. அவையோ உலகெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் மலிந்திருந்த ஆண்டுகள்.

இவ்வச்சத்தை நம் மலைத் தோட்டத்துப் பெண்களிடம் விளக்கிக் கூற வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டில், மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை' என்னும் பெயரில் திரண்டு போராடியதன் பின், நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அதனோடு, நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது. நிறுவைத் தட்டில் இன்று காட்டும் மிகுதி நாளை கட்டாய அளவாகிவிடலாம் என்று அறிந்தவர், பார்க்கும் கண்ணுக்கு முன்னே தம் கையை அளந்துதான் இயக்குவர்.

ஒரே ஆலை, இரண்டு அறை, இரண்டிலும் பார்க்கும் கண். ஓர் அறையில் வேலை உயர்ந்தது; மற்றதில் உயரவில்லை. இதனால் நாம் பெறும் முதற் பாடம் யாதெனின், மனிதனை மாற்றுவது வெறும் பார்வையன்று. அப்பார்வைக்கு அவன் கொடுக்கும் பொருளே அவனை மாற்றுகிறது என்பதாம். பார்ப்பவர் யார், எதற்காகப் பார்க்கிறார், பார்த்ததனைக் கொண்டு நாளை என்ன செய்வார் என்று பார்க்கப்படுவோன் கணக்கிடுகிறான். அமெரிக்க உளநூலறிஞர் மார்ட்டின் ஆர்ன் என்பார் 1962-ல் இதனை விரித்தெழுதினார். சோதனைக்கு வந்தமரும் மனிதன் வாயில்லாப் பொருளல்லன். ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து, நல்லவன் என்று பெயரெடுக்க விரும்பி, அதற்கேற்ப நடப்பவன் என்று அவர் காட்டினார்.

3. கண் விலகியபின்

இனி இரண்டாம் வினா. இம்மாற்றம் நிலைத்து நிற்குமா?

தான்சானியா நாட்டின் அருஷா பகுதியில், மருத்துவர்கள் நோயாளிகளை எவ்வாறு பார்க்கின்றனர் என்று கென்னத் லியனார்டு, மெல்கியோரி மசாட்டு என்னும் இருவர் ஆராய்ந்து 2006-ல் எழுதினர். ஆய்வுக் குழு அறைக்குள் நுழைந்ததும் மருத்துவரின் கவனம் உயர்ந்தது. கேட்க வேண்டியவற்றைக் கேட்டார், தொட்டுப் பார்க்க வேண்டியதைத் தொட்டுப் பார்த்தார். பத்து முதல் பதினைந்து நோயாளிகள் வந்து போவதற்குள் அவ்வுயர்வு கரைந்து, பழைய அளவுக்கே இறங்கிற்று. கண் அறையிலேயே இருந்தது. மனமோ அதற்குப் பழகிவிட்டது.

வங்காளதேசத்துச் சிற்றூர்களில் செய்த ஆய்வு இன்னும் வியப்பானது. சோப்புக் கட்டிக்குள் அசைவை உணரும் சிறு கருவியை வைத்து வீடுகளுக்குக் கொடுத்தனர். ஆய்வாளர் வீட்டில் அமர்ந்து கைகழுவும் பழக்கத்தைக் குறித்த நாளில், மற்ற நாட்களின் அதே நேரத்தைவிட, சோப்பு 35 சதவீதம் கூடுதலாக அசைந்தது. 2010-ல் வெளியான அவ்வாய்வில் சோப்புக் கட்டியே சாட்சியாயிற்று.

நம் நாட்டில், இராசத்தானத்து உதயப்பூர் மாவட்டத்தில் நடந்த இரண்டு சோதனைகளை ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். சேவா மந்திர் என்னும் தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில், 2003 முதல் ஒரு முறை வகுக்கப்பட்டது. நாள்தோறும் பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும், ஆசிரியரும் குழந்தைகளும் நிற்கும் படத்தை மாணவன் ஒருவன் எடுப்பான். நாளும் நேரமும் படத்தில் மாற்ற முடியாதபடி பதிந்துவிடும். வந்த நாட்களைப் பொறுத்தே சம்பளம். இம்முறையில்லாத பள்ளிகளில் ஆசிரியர் வாராமை 42 சதவீதமாயிருக்க, இம்முறையுள்ள பள்ளிகளில் அது 21 சதவீதமாகக் குறைந்தது. அக்குறைவு நிலைத்தும் நின்றது. எஸ்தர் டுஃப்லோ, ரேமா ஹன்னா, ஸ்டீபன் ரையன் ஆகியோர் இதனை ஆராய்ந்தெழுதினர்.

அதே மாவட்டத்தில், அரசு துணைச் சுகாதார நிலையங்களின் செவிலியர் வருகையைக் கண்காணிக்கும் முறை 2006-ல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் வருகை மிகவும் உயர்ந்தது. பதினாறு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, கண்காணித்த நிலையங்களுக்கும் கண்காணிக்காத நிலையங்களுக்கும் வேறுபாடே இல்லை! காரணம், செவிலியர் வாராத நாட்களுக்கு விலக்கு அளித்து விலக்கு அளித்து, மேலிடமே அம்முறையை உள்ளிருந்து வெறுமையாக்கிவிட்டது. கருவி பார்த்துக்கொண்டிருந்தது, பார்த்ததைப் பொருட்படுத்துவார் இல்லை. முந்திய பள்ளிகளில் கண்ணும் இருந்தது, கண்டதைக் கணக்கில் கொள்ளும் உறுதியும் இருந்தது. இரண்டாவதில் கண் மட்டும் எஞ்சிற்று.

தேயிலையைப் பற்றியும் ஓர் ஆய்வுண்டு. இந்தியத் தோட்டம் ஒன்றில் அரசாணைப்படி அடிப்படைக் கூலி உயர்ந்தது; கூடுதல் கிலோவுக்குரிய ஊக்கத்தொகையோ குறைந்தது அல்லது மாறாதிருந்தது. கூடுதலாகப் பறிப்பதில் ஆதாயம் குறைந்தமையால், பறிக்கும் அளவும் குறையும் என்பதே பொருள்நூற் கணக்கு. ஆயின் அடுத்த மாதத்தில் கொழுந்து 20 முதல் 80 சதவீதம் வரை மிகுந்தது! மேற்பார்வை கூடியது ஓரளவே காரணம். எஞ்சியது மனத்தின் எழுச்சி என்றே தோன்றிற்று. ராஜ்ஸ்ரீ ஜெயராமன், தேவராஜ் ராய், பிரான்சிஸ் த வெரிகூர் ஆகிய ஆய்வாளர் அம்மாதத்தோடு நிறுத்தியிருந்தால், மனித மனத்தின் நன்றியுணர்ச்சியைப் பற்றி அழகியதொரு முடிவு கூறியிருக்கலாம். அவர்கள் மேலும் சில மாதங்கள் காத்திருந்து கணக்கெடுத்தனர். அவ்வுயர்வு முற்றிலும் மறைந்துவிட்டது. 2016-ல் வெளியான அக்கட்டுரை, புதுமையால் எழும் எழுச்சியை நெடுநாள் பொறுத்திருந்து பார்த்தே மதிப்பிட வேண்டும் என்று எச்சரிக்கின்றது.

4. கணக்கெடுப்போர் முன் நம் ஊர்

இதுவரை ஆலையையும் மருத்துவமனையையும் தோட்டத்தையும் பார்த்தோம். இனி, நம்மோடு நெருங்கிய செய்திக்கு வருவோம். கேள்வி கேட்பதும் பார்ப்பதே. கையில் தாளும் பேனாவுமாக ஒருவர் திண்ணையில் வந்து அமர்ந்தால், வீட்டாரின் நடத்தை மாறாவிடினும் அவர்களது விடை மாறும்.

2011-12-ஆம் ஆண்டுகளில் இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு என்னும் பெருங் கணக்கெடுப்பின் இரண்டாம் சுற்று நடந்தது. தில்லியிலுள்ள தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவும், அமெரிக்க மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து, நாடெங்கும் 42,152 குடும்பங்களில் அதனை நடத்தின. உங்கள் வீட்டில் எவரேனும் தீண்டாமை பார்ப்பதுண்டா? இல்லையெனில், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வரலாமா, உங்கள் பாத்திரங்களைப் புழங்கலாமா? இவ்வாறு நேருக்கு நேராகக் கேட்டனர். நாடு முழுவதிலும் 27 சதவீதத்தினர் தீண்டாமை பார்ப்பதை ஏதோ ஒருவகையில் ஒப்புக்கொண்டனர். மத்தியப் பிரதேசத்தில் இது 53 சதவீதம். கேரளத்திலோ 2 சதவீதமே.

இவ்விரண்டு என்னும் எண்ணை நாம் எவ்வாறு படிப்பது? கேரளத்தில் உண்மையாகவே பெருமாற்றம் நிகழ்ந்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2017-ஆம் ஆண்டில், பாலக்காட்டு மாவட்டம் முதலமடை ஊராட்சியில், தமிழ்நாட்டெல்லையை ஒட்டிய கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அங்கு வாழும் தமிழ் பேசும் சக்கிலியர் குடும்பங்கள், குடிநீர்க் குழாயில் தங்களுக்குத் தனியிடமென்றும், தேநீர்க் கடையில் தங்களுக்குத் தனிக் குவளையென்றும் முறையிட்டனர். செய்தித்தாள்கள் எழுதின, அரசியலார் வந்தனர், அப்படியொன்றும் இல்லை என்று மறுத்தோரும் இருந்தனர். அதே எல்லைப் பகுதியில், தாளும் பேனாவுமாக ஒருவர் சென்று, தீண்டாமை பார்ப்பதுண்டா என்று வீடு வீடாகக் கேட்டால் எத்தனை பேர் 'ஆம்' என்பர்? தேநீர்க் கடையில் குவளையை எடுத்துக் கொடுக்கும் கை ஒன்றைக் கூறலாம். திண்ணையில் விடை கூறும் வாய் மற்றொன்றைக் கூறலாம். கணக்கில் ஏறுவது வாயின் சொல்லே.

இங்கு நாம் ஒருதலையாகப் பேசலாகாது. மறைக்கிறார்களே என்று சினப்பதற்கு முன், மறைக்கும் நிலை வந்ததே ஒரு செய்தி என்பதை எண்ண வேண்டும். அதே பாலக்காட்டில், கல்பாத்தி அக்கிரகாரத் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1920-களில் ஈழவர் முதலியோர் போராட நேர்ந்தது. அன்று தடுத்தவர்கள் தடுத்ததை மறைக்கவில்லை; பட்டப்பகலில், பலர் காண, அதைத் தம் உரிமையென்றும் அறமென்றும் கூறியே தடுத்தார்கள். இன்று அவ்வாறு ஒருவன் கூறத் துணிவதில்லை. சட்டத்தின் கண், செய்தித்தாளின் கண், கல்வி பெற்ற மக்களின் கண் ஆகிய இவை அவனைப் பார்க்கின்றன. ஆதலின் பிறர் முன்னிலையில் அவன் நாணுகின்றான். இது நூறாண்டுப் போராட்டத்தின் பயன், சிறிதன்று.

ஆயின் அது பாதி வழியே. பிறர் காணும்போது எழும் நாணம், பிறர் காணாதபோது அவன் கையைத் தடுப்பதில்லை. குவளை மறைவாக வேறாகின்றது. இவ்விரு நாணங்களுக்கும் உள்ள வேற்றுமையைப் பிரித்தறியாத எந்தக் கணக்கும், 'தீண்டாமை ஒழிந்தது' என்று முன்னதாகவே எழுதிவிடும்.

5. கண்ணைத் தணித்து அளக்கும் வழிகள்

ஆராய்ச்சியாளரும் இவ்விடரை உணர்ந்தே உள்ளனர். அவர்கள் கைக்கொள்ளும் வழிகளுள் மூன்றனை மட்டும் கூறுவோம்.

முதலாவது, மனிதனைக் கேளாமல் அவன் விட்டுச் சென்ற தடத்தைப் பார்ப்பது. எக்காட்சியை மக்கள் விரும்புகின்றனர் என்று கேட்பதினும், எக்காட்சியின் முன்னே தரை மிகவும் தேய்ந்துள்ளது என்று பார்ப்பது மேல். யூஜின் வெப் முதலியோர் 1966-ல் எழுதிய நூல் இம்முறையை விளக்கிற்று. வங்காளதேசத்துச் சோப்புக் கட்டியும் இவ்வகையே. எனினும், ஒருவர் அறியாமல் அவரை வேவு பார்த்தல் அறமாகாது. ஆய்வுக்கு உட்படுவோரின் இசைவைப் பெறுதல் கடமை. அறிவித்துவிட்டால் நடத்தை மாறும். அறிவிக்காவிட்டால் அறம் பிழைக்கும். இந்நெருக்கடி இன்றும் தீரவில்லை.

இரண்டாவது, விடை கூறுவோனுக்கு மறைவு கொடுப்பது. இதனை ஸ்டான்லி வார்னர் 1965-ல் தொடங்கிவைத்தார். பின்வந்தோர் வகுத்த எளிய வடிவம் வருமாறு: விடை கூறுவோன் தனியே ஒரு நாணயத்தைச் சுண்டுகிறான். தலை விழுந்தால், கேள்வி எதுவாயினும் 'ஆம்' என்று கூறவேண்டும். பூ விழுந்தால் உண்மையைக் கூறவேண்டும். விழுந்தது எது என்று கேட்பவர்க்குத் தெரியாது. ஆகவே 'ஆம்' என்றவனைக் குற்றஞ்சாட்ட இயலாது. நூறு பேரிடம் இவ்வாறு கேட்டு, 64 பேர் 'ஆம்' என்றதாக வைத்துக்கொள்வோம். நாணயத்தால் மட்டுமே 'ஆம்' என்றவர் ஏறக்குறைய 50 பேர். எஞ்சிய 50 பேருள் 14 பேர் உண்மையாகவே 'ஆம்' என்றிருக்கின்றனர். அஃதாவது நூற்றுக்கு 28. தனியொருவனின் இரகசியம் காக்கப்பட்டது. ஊரின் உண்மையோ வெளிப்பட்டது.

மூன்றாவது, நெடுங்காலம் உடன் தங்கி வாழ்வது. விருந்தாளியின் முன் எவரும் ஓரிரு நாளே நடிக்க இயலும். கேரளத் தேயிலைத் தோட்டங்களின் நெருக்கடியைப் பற்றி 2022-ல் நூலெழுதிய மானிடவியலாளர் ஜெயசீலன் ராஜ், தாமே தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். பிறர் வந்து பார்த்தெழுதிய மக்களுள் இருந்தே, பார்த்தெழுதும் ஒருவர் எழுந்தார் என்பது நாம் மகிழ்தற்குரியது. உள்ளிருந்து பார்க்கும் கண்ணும் ஒரு கண்ணே. அதற்கும் மக்கள் தம்மைச் சற்றுத் திருத்தியே காட்டுவர். ஆயினும் அதன்முன் அஞ்சுவதற்குக் காரணம் குறைவு.

6. மூன்று அதிபதிகள்

உளநூலார் இருபதாம் நூற்றாண்டில் எதிர்ப்பட்ட இவ்வினாவைப் பகவான் புத்தர் வேறொரு பக்கத்திலிருந்து எடுத்துக் கூறியுள்ளார். அங்குத்தர நிகாயத்தின் மூன்றன் தொகுதியில், மனிதனை நல்வழியில் நிறுத்தும் மூன்று அதிபதிகள் கூறப்படுகின்றன. தன்னையே அதிபதியாகக் கொள்ளுதல் ஒன்று; உலகத்தை அதிபதியாகக் கொள்ளுதல் மற்றொன்று; தம்மத்தை அதிபதியாகக் கொள்ளுதல் மூன்றாவது. உலகம் என்னைப் பார்க்கின்றது, அறிவுடையோர் என் மனத்தையும் அறிவர் என்றெண்ணித் தீமையை விடுபவன் இரண்டாம் வகையினன். கருதத்தக்கது யாதெனின், அவனைப் பகவான் இகழவில்லை. அவனும் தூய்மையை நோக்கிச் செல்பவனாகவே கூறப்படுகின்றான். உலகின் கண் பயனற்றது என்பார்க்கு இது விடையாகும்.

உலகைக் காக்கும் இரண்டு நற்குணங்கள் என்று ஹிரி, ஒத்தப்பம் ஆகியவை கூறப்படுவதை அன்பர்கள் அறிவர். ஹிரி உள்ளிருந்து, தன்னை மதித்தலால் எழுவது. ஒத்தப்பம் வெளியிலிருந்து, உலகை அஞ்சுதலால் எழுவது என்று அட்டகதையாசிரியர் பிரித்துரைப்பர். கோவிந்தாபுரத்தின் முறையீட்டைக் கொண்டு நாம் கூறிய 'பாதி வழி' எதுவென்று இப்போது விளங்கும். ஒத்தப்பம் வந்துவிட்டது, ஹிரி இன்னும் வரவில்லை.

சீலவீமங்ச ஜாதகத்தில் ஒரு சோதனை வருகின்றது. வாரணாசியில் ஐந்நூறு மாணாக்கர்க்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவர், தம் மகளை ஒழுக்கமுடைய ஒருவனுக்கே கொடுக்க எண்ணினார். திருமணத்திற்கு ஆடையும் அணியும் வேண்டும். உங்கள் உறவினர் வீட்டிலிருந்து எவரும் காணாமல் எடுத்து வாருங்கள். எவரேனும் கண்டுவிட்டதை நான் ஏற்கமாட்டேன் என்றார். மாணாக்கர் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து குவித்தனர். போதிசத்துவர் மட்டும் வெறுங்கையோடு வந்தார். எவரும் காணாத இடம் எனக்குக் கிடைக்கவில்லை. வேறெவரும் இல்லாத இடத்திலும் நான் இருக்கின்றேன், நான் காண்கின்றேன் என்பது அவர் கூறிய விடையின் கருத்து. ஆசிரியர் மகளை அவருக்கே மணம் செய்து கொடுத்து, மற்றையோர் கொணர்ந்தவற்றை அவரவர் வீட்டுக்கே திருப்பியனுப்பினார்.

உளநூற் கண்ணோடு பார்த்தால் இக்கதையின் நுட்பம் விளங்கும். ஆசிரியரின் எதிர்பார்ப்பு இன்னதென்று மாணாக்கர் ஊகித்தனர்; அதற்கேற்ப நடந்து நல்ல பெயரெடுக்க விரும்பினர். ஆர்ன் கூறிய மனிதர்கள் அவர்களே. ஒருவர் மட்டுமே, சோதிக்கின்றவரின் கண்ணை விட்டுத் தம் கண்ணை நோக்கினார்.

தன்னைத் தான் பார்ப்பதும் நடத்தையை மாற்றும் என்பதை உளநூலார் இன்று ஏற்கின்றனர். தம் உணவையோ செலவையோ நாள்தோறும் குறித்து வருவோர், குறிப்பதனாலேயே ஓரளவு மாறுகின்றனர் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மேலதிகாரியின் கண் மாலையில் ஊர் திரும்பிவிடும். நாணயத்தின் மறைவு கேள்வியோடு முடிந்துவிடும். தன் கண் அவ்வாறு நீங்குவதில்லை. ஆயினும் உறங்கிப் போகும். அதனை விழிப்போடு வைத்திருக்கும் பயிற்சியே நாம் நாள்தோறும் அமர்ந்து பழகும் ஸ்மிருதிப் பயிற்சி.

இனி, நம்மைக் குறித்தும் ஒரு சொல். பிறர் குவளையை ஆராயும் நாம், நம் வீட்டுக் குவளையையும் ஆராய்தல் வேண்டும். சங்கக் கூட்டத்தில் சாதியில்லை என்று உரைக்கும் நாவு, பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது என்ன கேட்கின்றது? விகாரைக்கு வரும்போது விட்ட பழக்கத்தை, ஊர்த் திருவிழாவில் எவரும் அறியாரென்று மீண்டும் தொடுகின்றோமா? இவற்றுக்கு விடையெழுத எந்தக் கணக்கெடுப்பாளரும் நம் திண்ணைக்கு வரப்போவதில்லை.

பௌர்ணமிக் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

(1) ஹாதோர்ன் ஆலையின் இரண்டு அறைகளிலும் பார்க்கும் கண் இருந்தும் விளைவு வேறானது ஏன்? நம் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறுக.

(2) உதயப்பூர்ப் பள்ளிகளில் நிலைத்த மாற்றம், சுகாதார நிலையங்களில் நிலைக்காமற் போனது ஏன்?

(3) 'கேரளத்தில் தீண்டாமை பார்ப்போர் 2 சதவீதம்' என்று ஒருவர் கூறினால், அவரிடம் நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் யாவை?

(4) நாணய முறையில் 200 பேரிடம் கேட்டு, 130 பேர் 'ஆம்' என்றால், உண்மையில் 'ஆம்' என்போர் நூற்றுக்கு எத்தனை பேர்?

(5) ஒரு வாரம், நாள்தோறும் இரவில், பிறர் காணச் செய்த செயல் ஒன்றனையும், எவரும் காணாதபோது செய்த செயல் ஒன்றனையும் குறித்து வருக. குறிப்பை எவரிடமும் காட்ட வேண்டுவதில்லை. கூட்டத்திற்கும் கொண்டுவர வேண்டா.